பேனா மூடி இங்கே செல்லாது

மின்சாரக் காருக்கு சார்ஜ் ஏற்றும் வேலையில் மின்சாரம் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். ஷாக் அடிப்பதெல்லாம் அடாப்டரும் கையுமாக வருகிற மனிதர்கள்தான்.

உங்களுக்கும் இது தெரியாததல்ல. நம் வீட்டுச் சுவரில் சதுர ஓட்டை, கடையில் வாங்கி வருகிற பிளக்கில் உருண்டை முள். பேனா மூடியால் மேல் ஓட்டையைக் குத்திப் பிடித்து, உருண்டையைச் சதுரத்துக்குள் திணித்து, போனுக்கு சார்ஜ் போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அதே பழக்கத்தோடு இப்போது காரையும் கொண்டு வருகிறோம். ஜப்பான் காருக்கு ஒரு மாதிரி வாய், ஐரோப்பாவுக்கு வேறு மாதிரி, சீனாவுக்கு இன்னொரு மாதிரி. ஒன்றின் வயர் மற்றதில் நுழையாது. நுழைக்க அடாப்டர் வேண்டும். எது நல்ல அடாப்டர், எது ஆளைக் கொல்லும் அடாப்டர் என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும். இலங்கை மலைநாட்டு ஹட்டனில் அந்த ஆள் நான்.

இடம் நானாவுடையது; முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் என்ற அர்த்தத்தில் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், கடைக்குப் பக்கத்து வெறும் நிலத்தில் வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று என இரண்டு இயந்திரங்களை நட்டார். மின்னியல் படித்த சான்றிதழோடு நான் போய் நின்றேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பெண், வயது இருபத்தாறு. வேலை கொடுத்தார், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்: "மூணு மாசம் பாப்பம் மகள். மூணு முறைப்பாடு வந்திச்செண்டா ஆம்புள ஒத்தரத்தான் போட வேண்டி வரும்."

பாஸ் எங்கே?

முதல் வாரமே ஒருவர் குருநாகலிலிருந்து ஜப்பான் கார் ஒன்றில் வந்தார். "நங்கி, பாஸ் உன்னஹே கோ?" என்றார். தங்கச்சி, மெக்கானிக் எங்கே என்று அர்த்தம். நான்தான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். சிரித்துவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார். வயரைப் பிடித்தபடி நானும் நின்றேன்.

பத்து நிமிஷம் கழித்து இறங்கி, ஐரோப்பிய வயரைத் தானே இழுத்து ஜப்பான் வாயில் வைத்து முழங்காலால் தள்ளினார். போகாது என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்! வயரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கியதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. அவர் நானாவின் கடைக்குள் போய் முதல் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் நான் சரியான வயரைச் செருகியதில் கார் நிறையத் தொடங்கியிருந்தது. புறப்படும்போதும் கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் கேட்டார்: "பாஸ் வந்தால், நான் வந்துபோனதாகச் சொல்வாயா?"

முக்கால் போதும்

நுவரெலியா பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய ஒரு குடும்பம். ஐயா முழுசாக நிரப்பச் சொன்னார். அவர்கள் போகிற கினிகத்தேனைப் பக்கம் முழுக்க இறக்கம். இறங்கும்போது கார் தானே மின்சாரம் செய்து பேட்டரியில் போட்டுக்கொள்ளும். பேட்டரி தளும்ப நிறைந்திருந்தால் போட இடமில்லை, பிரேக்குக்குத்தான் வேலை கூடும். அதனால் முக்காலில் நிறுத்தி, காரணத்தையும் சொன்னேன். கொழும்புக்காரருக்கு மலையில் எப்படி இறங்குவது என்று மலைக்காரி சொல்லக் கூடாதாம். மீதி மின்சாரத்தை நான் வேறு ஆளுக்கு ஒதுக்குகிறேனாம், சத்தம் போட்டார்.

இறக்கம் முடிகிற கித்துல்கலையில் நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டே நானாவுக்குப் போன் பண்ணி இரண்டாவது முறைப்பாட்டைச் சொன்னார். நானா போனை ஸ்பீக்கரில் போட்டதால் கடைசி வரியும் என் காதில் விழுந்தது: "பேட்டரி குறையவே இல்லைதான், அதுக்காக அந்தப் பிள்ளை சொன்னது சரியெண்டு ஆகிடுமா?"

செயலி கேட்ட விலாசம்

சசி எங்கள் தோட்டத்துப் பையன், மின்சார ஆட்டோ ஓட்டுகிறான். இங்கே சார்ஜ் போட போனிலுள்ள செயலியில் பதிய வேண்டும். அது வீட்டு இலக்கம் கேட்டது, வீதியின் பெயர் கேட்டது. லயத்துக்கு ஏது வீதி? கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்கு வரும், அவர்களாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. வெறுமையாக விட்டால் செயலி சிவப்பைக் காட்டியது. எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். சசி கோபப்படவில்லை. தேயிலை ஃபேக்டரியின் விலாசத்தை அழகாக அடித்தான். என்னடா இது என்றேன். "நம்ம கொழுந்தெல்லாம் அங்கதானே போகுது அக்கா, வெலாசமாச்சும் அங்கேருந்து வரட்டும்."

தொரையின் அடாப்டர்

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். காலையில் தூறிக்கொண்டிருந்தது. சசியின் ஆட்டோ சார்ஜில் நிற்க, புதிய சீனக் கார் ஒன்று வந்தது. இறங்கியவர் எங்கள் தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை. அம்மா கொழுந்து பறிப்பது அவருடைய தோட்டத்தில். எங்கள் லயத்துக் கூரையும் சுவரும் தோட்டத்துக்குச் சொந்தம்.

எங்கோ மலிவாக வாங்கிய அடாப்டரை நீட்டினார். வேக சார்ஜ் வேண்டும், அரை மணியில் போக வேண்டும் என்றார். முள் ஒன்று கறுத்திருந்தது, பிளாஸ்டிக் உப்பியிருந்தது, முகர்ந்தால் கருகல் வாடை.

"இத போட மாட்டேன் தொரை," என்றேன். 'மாட்டேன்', 'தொரை' என்ற இரண்டு சொற்களும் ஒன்றாக என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவர் என்னைக் கூர்ந்து பார்த்து, "ஒங்கம்மா எந்த லயம்?" என்றார். பயந்தேன், மறைப்பானேன்? லய இலக்கத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, என் பெட்டியில் நல்ல சீன அடாப்டர் இருக்கிறது, மெதுவான இயந்திரத்துக்குத்தான் சேரும், நாலு மணித்தியாலம் ஆகும், அதுவும் அதில் நிற்கிற சசியின் ஆட்டோ முடிந்த பிறகு என்றேன்.

"நான் காத்திருக்கணுமா?"

"காலையில பேரு பதியுற பெரட்டுக்கு அஞ்சு நிமிஷம் பிந்தினா எங்கம்மாவ வீட்டுக்குத் திருப்பி அனுப்புவீங்க. நா ஒங்கள திருப்பி அனுப்பல. கதிர இருக்கு, ஒக்காருங்க தொரை."

சசி ஆட்டோவுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். தொரை கடைப் பக்கம் பார்த்து நானாவைக் கூப்பிட்டார். குடையோடு வந்த நானாவிடம் மூன்றாவது முறைப்பாட்டை வாய்மொழியாகவே சொன்னார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். நானா அடாப்டரை வாங்கி முகர்ந்தார். "கார் ஒங்கட தொரை, எடம் என்ட. ஆனா பத்திச்செண்டா வேகுறது இந்தப் புள்ளட கை. புள்ள ஏலாண்டா ஏலாதுதான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். தொரை நாலு மணித்தியாலமும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று அந்தியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. மாலையில் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெரட்டில் நடந்ததைச் சொன்னார்: "தொரை எல்லாரையும் விட்டுட்டு எம்முன்னால வந்து நின்னு, 'நேரத்தோட வந்துட்டியா'ன்னாரு. 'நா என்னைக்கும் நேரத்தோடதான் தொரை, நேத்து நீங்கதான் பிந்திட்டீங்களாம்'ன்னேன்."

எழுதி வந்த ஒன்றும் நானா குறித்து வைத்த இரண்டுமாக மூன்று முறைப்பாடும் அவருடைய மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கின்றன, அம்மா மலையில் இருக்கிறார், நான் இன்னும் வயருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், பேனா மூடியோடு வருகிறவர்கள் அதை வாசலிலேயே வைத்துவிட்டு வரலாம்.