வரப்புக்கு அடியில் நாலு காசு

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த வாரம், என் மாமா சவுதியிலிருந்து லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. அங்கிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கொண்டுவருகிற கம்பளியோ தைலமோ டார்ச் லைட்டோ அவரிடம் இல்லை. ஒரு நீளமான அட்டைப்பெட்டிதான் இருந்தது. அதற்குள் ஒரு கம்பி. கம்பியின் கீழ்முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டு, மேல்முனையில் முள் ஆடுகிற சின்னப் பெட்டி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன். மெட்டல் டிடெக்டர் என்றார். மண்ணுக்குள் இரும்போ வெள்ளியோ தங்கமோ இருந்தால் அது கூவுமாம். கூட வேலை பார்த்தவர் ஊருக்குப் போகும்போது பாதி விலைக்குக் கொடுத்தாராம்.

“சோழ ராஜா ஆண்ட மண்ணு அக்கா இது. கால் வைக்கிற இடமெல்லாம் புதையல் இருக்கும்” என்றார் அம்மாவிடம்.

“நான் கம்பளி கேட்டிருந்தேன்” என்றாள் அம்மா.

முதல் வாரம் ஊரே மாமாவுக்குப் பின்னால் திரிந்தது. சோழ ராஜா வைத்துவிட்டுப் போனவை என்று கிடைத்தவை இவை: மாட்டு லாடம் பதினொன்று, சோடா மூடி ஒரு கூடை, பம்புசெட் நட்டு, ஒரு துருப்பிடித்த அரிவாள். அந்த அரிவாளை ஓர் அக்கா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். “ரெண்டு வருசமா தேடுறேன், எவ எடுத்தாளோன்னு தெருவையே திட்டித் தீர்த்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, யாரைத் திட்டினாரோ அவர்களிடமே காட்டப் போனார். அதன் பிறகு, வைக்கோலில் விழுந்த தோட்டுத் திருகாணியைத் தேடித் தரச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்துத் தேடலாம் என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு எங்கள் வயலுக்கு வந்தார்.

இங்கே எங்கள் வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்காலிலிருந்து தெற்கே நீளமாகப் போகிற நிலம் அது. மேற்குப் பாதி எங்களுடையது, கிழக்குப் பாதி அப்பாவின் அண்ணனான என் பெரியப்பாவுடையது. நடுவே ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பால்தான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றிருந்தது.

வரப்பை ஒவ்வொரு போகத்துக்கும் அண்டை வெட்டுவோம். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் சீவி, புல்லையும் எலிவளையையும் எடுத்துவிட்டு, புதுச் சேற்றை அப்பி வழித்துவிடுவது. சீவுவதில் ஒரு விரல்கடை கூடப் போகலாம், அப்புவதில் ஒரு விரல்கடை குறையலாம். ஒரு போகத்தில் யாருக்கும் தெரியாது. பெரியப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். குத்தகைக்காரருக்கு வரப்பைப் பற்றி என்ன கவலை? எங்கள் பக்கம் அப்பா சுத்தமாகச் சீவிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் மண் சரிந்து தடித்துக்கொண்டே போனது. பெரியப்பா திரும்பி வந்து பார்த்துவிட்டு, வரப்பு தன் பக்கம் நகர்ந்திருக்கிறது என்றார்.

அந்தச் சண்டை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு. வரப்பிலேயே நடந்தது. ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வாய்க்காலை அகலப்படுத்தியபோது எல்லைக்கல் போய்விட்டது. சர்வேக்கு எழுதிப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்திருந்தது.

“என்னைத் திருடன்னு சொல்றீங்களாண்ணே? பாகம் பிரிச்சப்ப அய்யா எல்லையில கரி போட்டுப் புதைச்சாருல்ல? நீங்கதானே கூட இருந்தீங்க. கையில மண்வெட்டி இருக்கு. தோண்டிக் காட்டுங்க பாப்போம்.”

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்கிறபோது எல்லையில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் போட்டுப் புதைக்கிற வழக்கம் உண்டு. கல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாம், கரி மக்காது. தாத்தா அப்படிப் புதைத்தபோது அப்பா சின்னப் பையன், பக்கத்தில் இல்லை.

பெரியப்பா அப்பாவையும் பார்த்தார், கூடியிருந்தவர்களையும் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். “நியாயம் இருந்தா தோண்டியிருப்பான்ல” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்களோடும் பேசவில்லை. எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மாமாவும் நானும் போன அன்று உளுந்து எடுத்து முடித்த வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மாமா ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, “நீ கொஞ்சம் பாருடா” என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, பம்புசெட் கொட்டகை நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த லீவில் கிடைக்கவில்லை. வட்டை ஆட்டிக்கொண்டே வாய்க்கால் பக்கம் போனேன். வரப்பிலிருந்து எங்கள் வயலுக்குள் ஒரு நாலடி தள்ளி, மெஷின் லேசாக முனகியது. லாடத்துக்குக் கத்துகிற மாதிரி கத்தவில்லை. ஆனால் அதே இடத்தில் எத்தனை தடவை ஆட்டினாலும் முனகியது.

மாமா கொண்டுவந்த களைக்கொத்தால் தோண்டினேன். முழங்கை ஆழத்துக்குப் போனபோது மண் கறுப்பாக வந்தது. கரித்துண்டுகள், செங்கல் பொடி. அதற்கு நடுவே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் வட்டமாக ஏதோ. எச்சில் தொட்டுத் துடைத்தேன். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். நாலு.

நான் செய்த முதல் காரியம், ஒன்றை எடுத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டது. இரண்டாவது காரியம்தான் “மாமா!” என்று கத்தியது.

மாமா மூன்று காசையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குதித்தார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குழியைக் காலால் அவசரமாக மூடினார். “இங்க கிடைச்சதுன்னு சொல்லாதடா. சர்க்கார் வந்துடும். உன் பெரியப்பா பங்கு கேப்பாரு. ஆத்துல கிடைச்சதுன்னு சொல்லு.”

சாயங்காலம் அப்பா வந்ததும் மாமா காசுகளை நீட்டினார். “அத்தான், ஆத்து மணல்ல கிடந்துச்சு. நம்ம மெஷின் கண்டுபிடிச்சிடுச்சு.”

அப்பா ஒரு காசை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுப்பானது. இன்னொன்றைத் தேய்த்தார். பிறகு என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார்.

“ஆத்து மணல்ல ஏதுடா கரி?”

மாமா விட்டத்தைப் பார்த்தார். அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வயலுக்கு நடந்தார். நான் இடத்தைக் காட்டினேன். குனிந்து மண்ணை விலக்கினார். ஒரு கரித்துண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தார். எழுந்து, அங்கிருந்து வரப்பு வரைக்கும் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து அளந்தார். திரும்பவும் ஒருமுறை அளந்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“மூணுதான் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“மூணுதாம்ப்பா.” என் கை டவுசர் பையை மூடிக்கொண்டிருந்தது. காசு தொடையைச் சுட்டது மாதிரி இருந்தது. அப்பா ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. எழுந்தால் பையைத் தடவிப் பார்ப்பாரோ என்பதுதான் என் கவலை.

அவர் தடவிப் பார்க்கவில்லை. மூன்று காசையும் இருந்த மாதிரியே அடுக்கி வைத்து, கரியைப் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்தார். “யாருகிட்டயும் சொல்லக்கூடாது. மாமாகிட்டயும்தான்” என்றார்.

புதையல் கிடைத்தும் அதைத் திரும்பப் புதைத்த ஆள் எங்கள் ஊரில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். மாமா லீவு முடிந்து போகும்வரை காசைக் கேட்டுப் பார்த்தார். அப்பா பிடி கொடுக்கவில்லை. அத்தான் மூன்றையும் அமுக்கிவிட்டார் என்று மாமா இன்றைக்கும் நம்புகிறார். அம்மாவுக்கு மட்டும் அப்பா சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் அடுப்படியில் அவள் குரல் கேட்டது. “வரப்பு நீளத்துக்கும் நாலடின்னா எத்தனை மூட்டை நெல்லுங்க? நமக்கும் ஒரு புள்ள இருக்கான்ல?”

அப்பா காசைத் திரும்பப் புதைத்ததற்கு மறுநாள் காலையில் நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா வரப்பில் நின்று, எங்கள் வயலில் புதிதாக மிதிபட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் மாட்டைக் கட்டிவிட்டு வந்தபோதும் நின்றார். காசைத் தோண்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் எங்கள் வயலில் கால் வைக்கவில்லை.

அந்த ஆனியில் தண்ணீர் வந்தது. அப்பா அண்டை வெட்டப் போனார். நான் கூடப் போனேன். அப்பா எங்கள் பக்கம் சீவவே இல்லை. புல்லைக் கையால் பிடுங்கிவிட்டுச் சேற்றை மட்டும் தடிமனாக, வழக்கத்தைவிட மூன்று மடங்கு அப்பினார். வயசாகிவிட்டது, சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா தன் பக்கம் அண்டை வெட்டினார். அவர் சீவிய சீவலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, பெரியப்பா நம்ம வரப்பை வெட்டுறாரு. நீங்க அப்புன அளவுக்கு அந்தப் பக்கம் சீவிட்டாரு.”

“வெட்டட்டும்டா” என்றார் அப்பா.

அடுத்த போகமும் அப்படியே. அதற்கடுத்த போகமும். பள்ளிக்கூடத்தில் பையன்கள், “உங்க பெரியப்பா உங்க வயலைத் தின்னுக்கிட்டே வர்றாரு, உங்கப்பா பாத்துக்கிட்டே இருக்காரு” என்று கேலி செய்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருஷம், ஆறு போகம். அப்பா ஒரு பக்கம் அப்ப, பெரியப்பா மறுபக்கம் சீவ, வரப்பு மெதுவாக எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் வயலில் இருந்தால் மற்றவர் வரமாட்டார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, சம்பா நடவுக்கு முந்தின வாரம், அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். அப்பா நாற்றங்காலுக்குப் போயிருந்தார். வரப்பில் பெரியப்பா மட்டும் இருந்தார். வாய்க்கால் ஓரம், வரப்பின் தலைமாட்டில் நின்று குதிகாலால் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன்.

“டேய் தம்பி, இங்க வா.”

அவர் என்னைக் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. கிட்டப் போனேன்.

“நாலும் அடியில பத்திரமா இருக்குல்ல?”

மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. டீத்தூக்கை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில் மூன்று வருஷமாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு அதே ஓட்டமாகத் திரும்பி வந்து நீட்டினேன். மூச்சு வாங்கியது. அழுகையும் வந்தது.

பெரியப்பா காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உதட்டோரத்தில் சிரித்த மாதிரி இருந்தது. மண்வெட்டிக் காம்பை ஈர வரப்பில் குத்தி ஆழமாக ஓட்டை போட்டு, “நீயே போடு” என்றார். போட்டேன். சேற்றை அள்ளி மூடி, உள்ளங்கையால் வழித்துவிட்டார்.

“வரப்பு வந்து சேந்துடுச்சு, இனிமே சேறு அப்ப வேணாம்னு உங்கப்பன்கிட்ட சொல்லு.”

சொன்னேன். காசு விஷயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அப்பா நாற்றுமுடியைக் கீழே வைத்தார். வாய்க்காலில் கை கால் கழுவினார். வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்கு நிறைய விரால் மீன் குழம்பு இருந்தது. அம்மா தூக்கை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றாள். ஆனாலும் எல்லாருக்கும் பரிமாறினாள். பெரியப்பா என் காசைப் பற்றி அப்பாவிடம் சொல்லவில்லை என்பது அப்பா முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது அந்த வரப்பை நான்தான் அண்டை வெட்டுகிறேன். பெரியப்பா இல்லை. போன வருஷம் வாய்க்கால் பக்கம் சீவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. நான் மாமாவிடம் மூன்றைத்தான் காட்டினேன். அப்பாவிடம் மூன்று என்றேன். அப்பா புதைத்ததும் மூன்றுதான். நாலு என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

அப்படியானால், புதைத்த அன்று தாத்தா கையிலிருந்து எத்தனை காசு விழுந்தது என்று பெரியப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது. எந்த இடம் என்பதும் தெரிந்திருக்கிறது. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று சிரித்த அன்றைக்கு, அப்பா தோண்டிக் காட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, நாலே அடி தள்ளி ஒரு வெட்டு போட்டிருந்தால் போதும். மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது.