வெயிலின் இலக்கம்

எங்கள் வீட்டில் வெயிலுக்குச் செல்சியஸ், காய்ச்சலுக்குப் பாரன்ஹைட். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. முப்பத்திநான்கு என்றால் எங்கள் கண்டக்குழிக் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. நூறு என்றால் ஆளைப் படுக்கப் போடவேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் உண்டாம். அது அவர்கள் பாடு.

என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் நூற்றிமூன்று காட்டியது. மறுநாள் மாமி அதை உதறப்போய், கட்டில் சட்டத்தில் அடித்து உடைத்துவிட்டார். நல்லவேளையாக, நான் அறை துப்புரவாக்கும் கடற்கரை விடுதியில் ஒரு வெள்ளைக்காரி தந்துவிட்டுப் போன பற்றரித் தெர்மாமீட்டர் அலுமாரிக்குள் கிடந்தது.

நாலாம் நாள் மத்தியானம் காய்ச்சல் விட்டது. மாமி மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மாதாவுக்கு நன்றி சொல்லி, கஞ்சி வைக்கப் போனார். கணவர் தானே எழும்பி வந்து வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். எதிரே களப்புத் தண்ணீரில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரரின் பெரிய பட்டங்கள் வானத்தில் சத்தமில்லாமல் நின்றன.

எதற்கும் பார்ப்போமே என்று புதுத் தெர்மாமீட்டரை அவருடைய கக்கத்தில் வைத்தேன். முப்பத்திநாலு தசம் மூன்று.

“அது வெயிலைக் காட்டுது பிள்ளை. ஆளுக்கு வைக்கிற சாமான் இல்லைப் போல,” என்றார் குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மாமி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போனில் பார்த்தேன், வெளியில் முப்பத்திநான்கு. காற்றைத்தான் அளந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே அதை என் கக்கத்தில் வைத்தேன். முப்பத்தாறரை. மாமிக்கு வைத்தேன். அவருக்கும் முப்பத்தாறு சொச்சம். மறுபடி கணவருக்கு வைத்தேன். முப்பத்திநாலு.

மாமியும் நானும் ஒரு பக்கம். கணவரும் வெளியில் கிடந்த மணலும் காற்றும் மறுபக்கம். என் அம்மா செத்த அன்று அவரைக் குளிப்பாட்டியபோது, அவருடைய கையும் அவரைக் கிடத்தியிருந்த பலகையும் ஒரே சூடாக இருந்தன. அதற்குப் பிறகு அப்படி ஒரு உடம்பை நான் தொட்டதில்லை.

“இஞ்சேருங்கோ, என்ன செய்யுது?”

“ஒண்டும் செய்யேல்ல. நல்லா இருக்கு.”

பட்டங்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். நெற்றி முழுக்க வியர்வை. தொட்டால் சில்லென்றது.

மாமி கஞ்சிக் கோப்பையோடு வந்து, “காய்ச்சல் விட்ட ஆளை ஏன் பிள்ளை உலைக்கிறாய்? கொஞ்சம் ஆறவிடு,” என்று ஏசினார்.

“ஆறித்தான் போறார் மாமி!” என்று கத்தினேன்.

ஆட்டோவில் கற்பிட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் அவருடைய சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தேய்த்தபடியே போனேன். தேய்த்ததில் என் கைதான் சூடானது. அங்கிருந்த தாதி நாடியைப் பிடித்துப் பார்த்ததுமே ஆட்களைக் கூப்பிட்டார். “டெங்கு. இதில காய்ச்சல் இறங்கிற நேரந்தான் பயம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா...” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கட்டிலை உள்ளே தள்ளினார். அம்புலன்சில் புத்தளத்துக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் வார்ட்டில் ஒருவர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, “தொண்ணூற்றெட்டு,” என்றார். எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் தானாகச் சொன்னார்.

“அண்டைக்கு அந்தக் கதிரையில இருக்கேக்க எனக்கு வெக்கையும் இல்லை, குளிரும் இல்லை. என்ர உடம்பு எங்க முடியுது, காத்து எங்க தொடங்குது எண்டே தெரியேல்ல. அப்பிடி ஒரு சுகம். நீர் கூப்பிட, எனக்குக் கோவம் வந்தது.”

சொதிக்கு உப்புக் காணாது என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன். கட்டின பெண்சாதி கூப்பிட்ட குரலைவிட அவருக்கு அந்தக் காற்று சுகமாக இருந்திருக்கிறது. அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.