இந்தியாவின் முதுகு

காலையில் கதவைத் திறந்தால் எனக்கு இந்தியாவின் முதுகு தெரிகிறது. துருப்பிடித்த கம்பிகள், தகர மடிப்புகள், வெளியே துருத்திய ஆணி முனைகள். பக்கத்து வீட்டு மேரியக்கா அதில்தான் துணி காயப்போடுகிறார். பெங்களூரில் ஆஸ்டின் டவுனை ஒட்டிய எங்கள் சந்தின் வாயில், ஓர் ஆள் ஒருக்களித்து நுழைய இடம் விட்டு நிற்கிறது அந்தப் போர்டு. முகம் மெயின் ரோட்டுக்கு. சுற்றிப்போய்ப் பார்த்தால் புல்வெளி, கண்ணாடிக் கட்டடம், மடியில் கம்ப்யூட்டரோடு சிரிக்கும் ஒரு பெண். அவளுடைய பல்லை வெளுப்பாக்கியது நான்தான்.

குடியாத்தத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன் தொண்ணூற்றொன்றில் பெங்களூருக்கு வந்தேன். தலை நரைக்கிற வயதில் ஒரு விளம்பரக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற வேலை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஊரைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“வெள்ளைக்காரன் இன்னும் நம்மளப் பாம்பாட்டின்னுதான் நெனச்சிட்டு இருக்கான். சோப்புக்கு இருக்கிற மாதிரி நாட்டுக்கும் ஒரு பிராண்ட் இமேஜ் வேணும்பா. அவன் மண்டைக்குள்ள இருக்கிற படத்த மாத்தணும்.”

“மாத்திடலாம் சார். என் ரேஷன் கார்டு போட்டோவுலயே முடி முளைக்க வெச்சவன் நான்” என்றேன்.

மாற்றினேன். மின்கம்பியை அழித்தேன், குப்பையை அழித்தேன், படுத்திருந்த மாட்டை எழுப்பாமலே அனுப்பிவைத்தேன். தேசம் பளபளத்தது. அதைத் தகரத்தில் ஒட்டி விருந்தாளிகள் வரும் வழியெல்லாம் நட்டார்கள். பார்க்கக் கூடாத இடம் எதுவோ அதற்கு முன்னால் நட்டார்கள். அப்படித்தான் அது எங்கள் சந்துக்கு வந்தது.

சந்தின் வாயில்தான் என் மனைவி செல்வியின் இட்லிக்கடை. ஆட்டோக்காரர்களும் ஆபீஸ் வேன் டிரைவர்களும் ஆவி பறப்பதை ரோட்டிலிருந்தே பார்த்து வண்டியை ஓரங்கட்டுவார்கள். போர்டு வந்ததும் ஆவி மட்டும் அதற்கு மேலே தெரிந்தது.

“ஏங்க, ஊருக்கே மூஞ்சி கழுவி உட்டீங்களே, அந்தப் புல்லுல ஒரு ஓரமா என் கடையப் போட்டிருந்தா கை தேஞ்சா போயிடும்?” என்றாள்.

“விருந்தாளி போனதும் எடுத்துருவாங்க செல்வி.”

நம்பித்தான் சொன்னேன். எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கிப் போடுவோம். காரை பெயர்ந்த சுவரில் எதிர்வீட்டுத் திரைச்சீலையைத் தொங்கவிடுவோம். என் கல்யாணத்துக்கும் அதே கூத்துதான். ஆனால் வந்தவர்கள் தெரு திரும்பியதும் நாற்காலி அந்தந்த வீட்டுக்குப் போய்விடும். இங்கே விருந்தாளிகள் விமானம் ஏறிய பிறகும் நாற்காலி போகவில்லை. படம் நன்றாக இருக்கிறது, நிற்கட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

போர்டை எடுக்கச் சொல்லிக் கேட்க மாநகராட்சி இன்ஜினியரிடம் போனேன். வெறும் ஆளாகப் போனால் உட்காரச் சொல்ல மாட்டார் என்று, எடுத்த எடுப்பில் “அந்தப் போர்டு நான் செஞ்சது சார்” என்றேன். என் கன்னடத்தில் அது ஒன்றுதான் தடுமாறாமல் வந்தது.

“ஓ, நீவேனா? தும்ப சென்னாகிதே!” நீங்கள்தானா என்று கேட்டார்; ரொம்ப நன்றாக இருக்கிறதாம். எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். காபி வந்தது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். இத்தனைக்கும் பிறகு அதைப் பிடுங்குங்கள் என்று எந்த வாயால் சொல்வது? “ஹிந்தே தும்ப கத்தலே சார்” என்றேன். பின்னால் ஒரே இருட்டு என்பதைத்தான் அத்தனை பணிவாகச் சொன்னேன்.

அவர் முகம் வாடியது. உடனே யாருக்கோ போன் செய்தார். அந்த வாரமே இரண்டு பெரிய விளக்குகள் வந்தன. முன்பக்கத்துக்கு.

அதற்குமேல் செல்வி என்னிடம் கடையைப் பற்றிப் பேசவில்லை. இட்லிக் கொப்பரையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் அந்தப் போர்டுக்கு முன்னால்தான் நிற்கிறது. சிரிக்கிற பெண்ணின் காலடியில் சிரிக்காத பெண்ணாக நின்று ஏறிக்கொள்கிறாள்.

பொங்கலுக்குக் குடியாத்தம் போனோம். முதலாளி அதே படத்தைக் காலண்டராக அடித்திருந்தார். என் அக்கா வீட்டில் ஒன்றை மாட்டினேன். ஊரே வந்து பார்த்தது. ‘பெங்களூர்க்காரரே’ என்றார்கள் என்னை. பெங்களூரில் நான் இன்னும் ‘தமிழ்நாட்டுப் பெயின்டர்’தான்.

“மாப்ள, இதுல உங்க ஊடு எங்க கீது?” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

“அதுக்குப் பின்னாடி மாமா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னால் எதற்கும் சிரிப்பார்கள். மாமா விளையாட்டாகக் காலண்டரைத் தூக்கிப் பின்புறம் பார்த்தார்.

“நல்லாப் பாருங்கண்ணா. என் கடையும் அங்கதான் இருந்துச்சு” என்றாள் செல்வி.

பின்புறம் வெள்ளையாக இருந்தது. மாமா கையை எடுக்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.