பத்து மணிக்குப் பூட்டியிருந்த கதவு

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிக்கு ஒன்பது வருடமாகப் போய்வந்தவள் ரெனிட்டா. ஷூவின் மேல்தோலைத் தைக்கும் ஹாலில் மூன்றாவது வரிசை மிஷின் அவளுடையது. தையல் கொஞ்சம் விலகினாலும் தானே பிரித்துத் தானே திரும்பத் தைப்பாள். சூப்பர்வைசர் காசி வந்து சொல்லும்வரை காத்திருக்க மாட்டாள். கோணலாக இருப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

2000 கிறிஸ்துமஸுக்கு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்த தம்பி ஜோவின் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான். அதற்குள்ளேயே டிஜிட்டல் கேமரா. பொத்தானை அழுத்தினால் கறுப்பு வெள்ளையில், தபால்தலை அளவில், கடிகார முகத்திலேயே படம் விழும். எடுத்த தேதியும் நேரமும் கூடவே பதிந்துவிடும். ரெனிட்டா அந்த நேரத்தை மாற்றவில்லை. நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும் சிங்கப்பூர் நேரமாகவே விட்டுவிட்டாள். தம்பி இந்நேரம் சாப்பிட்டிருப்பான், இந்நேரம் வேலை விட்டிருப்பான் என்று பார்த்துக்கொள்ளத்தான். உள்ளூர் நேரத்துக்குக் கம்பெனி மணி இருந்தது.

பிப்ரவரியில் ஹாலில் ஒரு பசை டப்பா தீப்பிடித்தது. நூற்றிருபது பெண்களும் அவசர வழிக் கதவுக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு. தோல் திருட்டுப் போகிறதென்று போட்ட பூட்டு, சாவி ஆபீசில். யாரோ மணலைக் கொட்டித் தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் நெரிசலில் கதவோடு நசுங்கி, நான்கு மாதக் கர்ப்பிணியான தேவகிக்குக் கட்டைவிரல் நகம் பிய்ந்துபோனது. மறுநாளும் பூட்டு அங்கேயே தொங்கியது.

"அடுத்த தபா மணல் கெடைக்கலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று ரெனிட்டா காசியைக் கேட்டாள்.

"நீ தைக்கிற வேலையப் பாரு. ஜாஸ்தி பேசாதே."

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணி டீ நேரத்தில், நேரம் பார்ப்பதுபோல மணிக்கட்டைக் கதவுக்கு நேராகத் தூக்கினாள். வாசலில் செக்யூரிட்டி பையெல்லாம் கொட்டிக் கேமரா தேடுவான்; கடிகாரத்தை யார் பார்க்கிறார்கள்? ஒருநாள் தேவகி டீ டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்று, "என்னை அழகா எடு அக்கா, வயிறு தெரியட்டும்" என்றாள். பூட்டும் வயிறும் டம்ளரும் ஒரே படத்தில் விழுந்தன.

ஏப்ரலில் ஆடிட் வந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பாக, பாதுகாப்பைச் சோதிக்கச் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அன்று மட்டும் எல்லாருக்கும் புது மாஸ்க், முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு. பூட்டு காசியின் மேசை டிராயருக்குள் போய்விட்டது.

"இந்தக் கதவு எப்பவும் இப்படித் திறந்தேதான் இருக்குமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எப்பவும் மேடம்" என்றார் மேனேஜர் ரத்தினசாமி.

ஹாலில் ஊசி நின்ற சத்தம் ஒன்று கேட்டது. ரெனிட்டா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள். "நாப்பத்தி மூணு படம் இருக்கு மேடம். எல்லாத்துலயும் பூட்டு இருக்கு."

ரத்தினசாமி எட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது, நேரத்தைப் பார்த்ததும் தெளிந்தது. "எல்லாம் பன்னிரண்டரை மணி மேடம். அது சாப்பாட்டு நேரம். அரை மணி பூட்டுவோம். அப்போ ஹால்ல ஒரு ஈ காக்கா இருக்காது. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் பூட்டுறது."

"அது சிங்கப்பூர் டைம் சார். வாட்ச் இப்பவும் அதுலதான் ஓடுது. நம்ம பத்து மணி."

"இப்படியெல்லாம் கதை சொல்லுவாங்க மேடம். இன்னைக்குக் காலையில கூட மாத்தி வெச்சிருக்கலாம்."

தம்பிக்காக மாற்றாமல் விட்ட அந்த நேரம் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டதே என்று ரெனிட்டா ஒரு கணம் நினைத்தாள். பிறகு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றில் நிறுத்தினாள்.

"சாப்பாட்டு நேரத்துல ஹால்ல யாரும் இருக்க மாட்டாங்கன்னீங்களே சார். அப்போ பூட்டுல சாஞ்சினு நிக்கிற இந்தப் பொம்பள யாரு?"

பதில் ஆறாவது வரிசையிலிருந்து வந்தது. தேவகி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தாள். "நான்தான். கையில டீ டம்ளர் இருக்கும், பாருங்க மேடம். பன்னிரண்டரை மணிக்கு எங்களுக்கு எவன் டீ தர்றான்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் இரும்புத் தாழ் வந்தது. பூட்டு மாட்ட அதில் இடமே இல்லை. ரெனிட்டாவை மிஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் மேசைக்குப் போட்டார்கள். ஒன்பது வருடம் தைத்தவளுக்கு அது அவமானம்தான். போனாள். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், தரவில்லை. வாசலில் செக்யூரிட்டி, "வாட்ச்ச இங்க வெச்சிட்டுப் போம்மா" என்றான்.

"வெக்கிறேன். எல்லாரும் வெக்கட்டும். மேனேஜர் சார் வாட்ச்ச மொதல்ல வாங்கி வை, அது பக்கத்துல என்னோடதையும் வெச்சுக்க."

அவன் மறுபடி கேட்கவில்லை.

2004இல் கடிகாரம் நின்றுபோனது. ரிப்பேர் கடை ஆபித் பாஷா திறந்து பார்த்து, "இதுக்கு பார்ட்ஸ் கெடைக்காதும்மா" என்று திருப்பித் தந்தார். கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. இப்போதும் பத்து மணிக்கு டீ வந்ததும் அவள் கதவுப் பக்கம் திரும்பி, இருண்டுபோன கடிகாரத்தை நிதானமாகத் தூக்குவாள். கதவை மறைத்து அடுக்கிய அட்டைப்பெட்டிகளைக் காசி அவசரமாக நகர்த்துவார். தாழைத் தள்ளிக் கதவைத் திறந்து காட்டுவார்.

வெளி வெளிச்சம் தெரிந்த பிறகுதான் ரெனிட்டா டீயைக் குடிப்பாள்.