பெரியம்மாவின் இரண்டு வரிசைகள்

மின்சாரம் திரும்பி வந்ததும் மெழுகுதிரியை ஊதி அணைத்தேன். அந்தக் கருகல் வாசனை, கேட்டுக் கேள்வியில்லாமல், என்னைப் பேராதனை வீதிக்கு மேலே இருந்த பெரியம்மாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டது. அந்த இடம் இன்று ஒரு ஹோட்டலின் வாகனத் தரிப்பிடம். அங்கே தினமும் மாலையில் செபமாலை; அது முடிந்தாலும் எழும்ப முடியாது, ஏனென்றால் அதன் பிறகுதான் பெரியம்மா குடும்பத்தின் பெயர்களைச் சொல்லத் தொடங்குவார், முதலில் உயிரோடிருப்பவர்கள், பிறகு செத்தவர்கள், ஆளுக்கொரு ‘அருள் நிறைந்த மரியே’, கீழே புசல்லாவை பஸ் முனகிக்கொண்டு போக, பிள்ளைகள் நாங்கள் முழங்காலில் இருந்தபடி கதிரையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, பக்தி என்ற பெயரில் தூங்குவோம். உறவினர் எவராவது செத்தால் எனக்குத் துக்கம் வந்ததில்லை. பட்டியல் குறையவில்லையே, ஆள் வரிசை மாறியதோடு சரி என்ற எரிச்சல்தான் வந்தது.

அவருக்குத் தொண்ணூற்று நான்கு வயதானபோது பார்க்கப் போயிருந்தேன். அன்றைய செபத்தில் என் பெயர் செத்தவர்களோடு வந்தது.

“பெரியம்மா, நான் இன்னும் சாகேல்லை.”

“தெரியும். பெண்சாதி பிள்ளை எண்டு உனக்கு ஒருத்தரும் இல்லை. நான் போனால் உன்ரை ஆத்துமத்துக்கு ஆர் மன்றாடுறது? அதுதான் இப்பவே சொல்லி வைக்கிறன். பேசாமல் செபி.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் போய்விட்டார்.

இன்று அவருக்காக ஒன்று சொல்லலாமென்று, பல வருடங்களுக்குப் பிறகு முழங்காலில் இருந்தேன். செபம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. எழும்பத்தான், கைகொடுக்க ஆளில்லை.