காலிக் கட்டம்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பைனல் செக்கிங் பார்க்கிறேன். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் விரித்து, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, பிரித்துச் சரிசெய்யத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்டிக்கரோடு தன் மிஷினுக்குத் திரும்பி வந்த பீஸைப் பார்த்து எந்த டெய்லரும் சிரித்ததில்லை. "வந்துட்டாருய்யா கலெக்டரு" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் குறையைக் காட்டியதற்காக ஒருவராவது எனக்கு நன்றி சொன்னதாக ஞாபகமே இல்லை. அதில் வருத்தமும் இல்லை. என்னைப் போன்ற சிடுமூஞ்சிக்கு ஏற்ற உத்தியோகம் என்று இருந்துவிட்டேன்.

வீட்டிலும் அதே புத்திதான். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள வரும்போது அந்த ஸ்டிக்கர் அட்டைய வெளியவே வெச்சுட்டு வாங்க. எம்மேல ஒட்டிப்போடாதீங்க" என்பாள் என் மனைவி.

அவளுக்குப் பார்வை கிடையாது. கல்யாணமானபோது மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. அழுது ஓய்ந்த பிறகு கம்ப்யூட்டரைக் காதால் கற்றுக்கொண்டாள். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. தமிழும் பேசும். அது பேசுகிற வேகம் எனக்கு ஓவர்லாக் மிஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்கும். ஒரு எழுத்து புரியாது. அவளோ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அத்தனையையும் கேட்டு, நடுவில் என்னையும் திட்டுவாள். கட்டிக்கொண்டவன் என்பதற்காகச் சொல்லவில்லை, அப்படி ஒரு காதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சென்ற தீபாவளிக்கு முன்னால் அவளுக்கு ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. காலையில் ஒவ்வொரு வகுப்பு டீச்சரும் வந்த பிள்ளைகளுக்கு நேராகக் கம்ப்யூட்டரில் ஒரு டிக் போட்டுவிடுவார். வராத பிள்ளையின் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்து, அந்தந்த வீட்டுக்குப் போன் போட்டு, "பாப்பா ஏனுங்க இன்னைக்கு வரல?" என்று கேட்பதுதான் அவள் வேலை. தாய் தகப்பன் இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விடுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தாளாளர் அம்மா மட்டும் தயங்கினார். "பொங்கல் வரைக்கும் பாக்கலாமுங்க. முடிஞ்சா பாருங்க, இல்லீன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றாராம்.

முதல் வாரத்திலேயே வந்தது வினை. பள்ளிக்கூடத்தில் புதுக் கம்ப்யூட்டர். அதில் அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு மட்டும்தான் ஏறியது. அது டிக் போட்ட கட்டங்களை மளமளவென்று படித்துக்கொண்டே வரும். காலிக் கட்டம் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். அத்தோடு சரி, என்ன தட்டினாலும் பேசாது. மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடியும் அதே காலிக் கட்டத்தில் ஊமை. எந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க அவளை உட்காரவைத்தார்களோ, சரியாக அந்தக் கட்டத்தில்! பக்கத்து மேஜைப் பெண் பாவம், தினமும் பெயர்களைப் படித்துச் சொன்னாள். "ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா?" என்று தாளாளர் அம்மா கேட்டதாக இவள் வந்து சொன்னபோது, இவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"காலிக் கட்டத்துல எதையாவது எழுதி வெக்கச் சொல்லு புள்ள" என்றேன்.

"எனக்கோசரம் அத்தன டீச்சரும் பழக்கத்த மாத்தோணுமா? அப்பறம் நான் எதுக்குங்க அங்க?" என்றாள். ரோஷக்காரி.

எனக்கு வந்ததே கோபம். அந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்து, கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போட்டுப் பழகிய இங்கிலீஷில், சூடாக நாலு வரி தட்டினேன். என் பின்னால் நின்றிருந்த அவள், கம்ப்யூட்டர் மிஷின் அதைப் படிக்கப் படிக்கக் கேட்டுவிட்டாள்.

"சும்மா குடுத்தவங்களப் போயி ஏனுங்க இப்பிடி வெய்யறீங்க? அழிங்க மொதல்ல."

அழித்தேன். அப்போதுதான் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள், வேலை முடிந்து வந்து, ஒரு பைசா வாங்காமல் இதை எழுதுகிறார்கள். எழுதியதை ஒளித்துவைப்பதும் இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எங்கள் ஊரில் புதுசாக ஒரு காலர் மாடல் போட்டால் அடுத்த கம்பெனிக்காரன் பார்த்துவிடுவான் என்று கேட்டைச் சாத்திக்கொள்வோம். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களா என்று இருந்தது. கீழே ஒரு அழைப்பு: சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவை, புரோகிராம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, குறை தென்பட்டால் சொன்னால் போதும்.

குறைதானே? "அட, இது நம்ம வேலையல்லோ!" என்று வாய்விட்டே சொன்னேன்.

குறையைச் சொல்ல அவர்கள் மூன்றே கேள்வி வைத்திருந்தார்கள். என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? என்ன நடந்தது? நான் சொக்கிப்போனேன். யார் செய்த தப்பு என்ற கேள்வியே இல்லை. எங்கள் கம்பெனியில் முதல் கேள்வியே அதுதான்.

அவள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினேன். மறுநாளே ஒருவர் பதில் போட்டிருந்தார். குறையைச் சொன்னதற்கு மிக்க நன்றி என்று முதல் வரி. அதை இரண்டு தடவை படித்தேன். "இங்க பாரு புள்ள, நன்றிங்கறான்!" என்று அவளையும் கேட்கவைத்தேன். தன்னால் அந்தக் குறையை நேரில் பார்க்க முடிந்தால்தான் சரிசெய்ய முடியும், அதே மாதிரி ஒரு அட்டவணை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

பிள்ளைகளின் நிஜப் பெயரை அனுப்பக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பூவும் காயுமாகப் பெயர் வைத்து ஒரு வருகைப் பட்டியல் தயார் செய்தேன். தலைப்புக்குக் கலர் கொடுத்தேன், கோடுகளை நேராக்கினேன். வெளிநாட்டுக்காரன் பார்க்கப் போகிறான், சும்மாவா? திருப்பூரிலிருந்து சாம்பிள் போனால் அது சாம்பிள் மாதிரி இருக்க வேண்டும். அனுப்பினேன்.

பதில் வந்தது. அட்டவணை மிக அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே எல்லாவற்றையும் சரியாகப் படிக்கிறதே என்றார். நான் மறுபடி விளக்கி எழுதினேன். அவர் வேறு வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும், இங்கே பேசுகிறது என்றார். கார்த்திகை முழுக்க இப்படியே போனது. மார்கழி பிறந்துவிட்டது. பொங்கல் நெருங்க நெருங்க அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க ஊமையா நிக்கறது அங்க மட்டும் பேசுதாமா? ஓட்டியே பாக்காம கத உடறான்!"

"நீங்க அனுப்புனத இங்க போடுங்க, நானும் கேக்கறேன்" என்றாள்.

போட்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்த அதே புதுப் பதிப்பைத்தான் வீட்டிலும் ஏற்றியிருந்தேன்; மிஷின் தடதடவென்று படித்தது. எங்கேயும் நிற்கவே இல்லை. கடைசிவரை கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "ஏனுங்க, இதுல வராத புள்ளைங்க எங்கீங்க?"

"இருக்குதே, ஆப்சென்ட்டு ஆப்சென்ட்டுன்னு படிக்குதல்லோ?"

"எங்க பள்ளிக்கூடத்துல அந்தக் கட்டம் காலியாத்தானுங்க இருக்கும்!"

பட்டியலைப் பார்த்தேன்: காலியாக விட வேண்டிய கட்டத்திலெல்லாம் நானே 'ஆப்சென்ட்' என்று நிரப்பியிருந்தேன். செக்கிங் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பையரின் ஆள் கையெழுத்துப் போட மாட்டான். குறையே இல்லையென்றாலும் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். அது என் கையில் ஊறிப்போன பழக்கம். காலிக் கட்டத்தைக் கண்டால் தானாக நிரப்பிவிடும். அது மட்டுமா, எங்கள் ஊரில் எவனாவது ஓட்டை விழுந்த பீஸைச் சாம்பிளாக அனுப்புவானா? நூலை நறுக்கி, அயர்ன் பண்ணி, நல்ல பீஸைத்தானே அனுப்புவோம்!

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காச்சலக் கொணமாக்கிப்போட்டு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. பாவம் அந்த மனுசன், எங்கிருந்துங்க கண்டுபிடிப்பாரு?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மார்கழி பிறந்து அன்றுதான் அவள் சிரித்தாள் என்பதால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

இந்த முறை கலரும் இல்லை, கோடும் இல்லை. அவள் சொன்னபடி அப்படியே, வராத பிள்ளைக்கு வெறும் கட்டம். நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். எங்கள் தொழிலில் கெட்ட பீஸை வெளியே காட்டும் வழக்கமில்லை, அதனால் சரிசெய்து அனுப்பிவிட்டேன் என்று. பதிலில் அந்த மனிதர் கோபப்படவே இல்லை. தயவுசெய்து இனிமேல் எப்போதும் கெட்ட பீஸையே அனுப்புங்கள், எங்களுக்கு அதுதான் விலைமதிப்பில்லாதது என்றார். கூடவே, போகிற போக்கில் ஒரு வரி: 'என்னுடைய கம்ப்யூட்டரும் இப்போது ஊமையாகிவிட்டது. எனக்கும் பார்வை இல்லை, அதனால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் தவித்துவிட்டேன். அருமையான குறை!'

மிஷின் அதைப் படித்ததும் அந்த வரியை மறுபடியும் படிக்கவைத்துக் கேட்டோம். இத்தனை நாளும் நான் அனுப்பியதை அவர் காதால்தான் கேட்டிருக்கிறார். நான் போட்ட கலர் யாருக்கு? அழகாக இருக்கிறது என்று என் மனசு நோகாமல் சொல்லியிருக்கிறார். 'கத உடறான்' என்று நான் ஏசியதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. முகம் தெரியாத அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. வெட்கப்படாமல் கும்பிட்டும் விட்டேன்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. திருத்திய சோதனைப் பதிப்பு ஒன்று வந்தது. காலிக் கட்டத்தில் இப்போது 'காலி' என்றது. நான் துள்ளிக் குதித்தேன். அவள் கையமர்த்தினாள். "இருங்க, அடுத்த பேர முழுங்குது." ஆமாம், காலிக் கட்டத்துக்கு அடுத்த பெயரை அது தாண்டிவிட்டுப் போனது. அந்த ஓவர்லாக் வேகத்தில் ஒரு பெயர் விடுபட்டதைப் பிடித்தாளே, நான் துணியில்கூட அப்படிப் பிடித்ததில்லை. மறுபடி எழுதினோம், மறுபடி நன்றி வந்தது, மறுபடி ஒரு பதிப்பு வந்தது. இப்போது ஒன்றும் விடவில்லை. பொங்கல் விடுமுறைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அதைப் போட்ட அன்று தாளாளர் அம்மாவே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். மிஷின் ஓடியது. 'காலி' என்றதும் இவள் போன் போட்டாள். ஒரு வீட்டில் காய்ச்சல். இன்னொரு வீட்டார் உடுமலைப்பேட்டைக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். அடுத்து யுகேஜி வகுப்பில் ஒரு 'காலி'. குழந்தையின் அம்மா ஒரு கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். மிஷின் சத்தத்துக்கு நடுவே போனை எடுத்தாள்.

"பாப்பா ஏனுங்க இன்னைக்கு வரல?"

"வரலீங்களா? நாந்தானுங்களே வேனுல ஏத்தியுட்டேன்!"

அந்தக் குரல் போன போக்கைக் கேட்டதும் இவள் போனைக் கீழே வைக்கவில்லை. "வேன் எங்க நிக்குது? வேனப் பாருங்க, வேனப் பாருங்க!" என்று கத்தியிருக்கிறாள். தாளாளர் அம்மா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாராம். மைதானத்து ஓரத்தில், கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டிய வேன் வெயிலில் நின்றது. கடைசி சீட்டுக்குக் கீழே சரிந்து தூங்கிப்போயிருந்தது குழந்தை. தலையெல்லாம் வேர்வை. தூக்கியதும் தண்ணி வேண்டும் என்று அழுததாம். அந்த அழுகை போன் வழியாக அதன் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது.

பொங்கல் முடிந்தும் வரச் சொன்னாரா என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். "மொதல்ல அந்த மனுசனுக்கு எழுதுங்க" என்றாள்.

நாலு வரி நன்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் போதவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள், அவர் கேட்கிற மாதிரியே எழுதுங்க என்று. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

என்ன செய்தீர்கள்? இன்று காலை வருகைப் பட்டியலைத் திறந்தோம்.

என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? காலிக் கட்டத்தில் குரல் நிற்காமல் பேசும் என்று.

என்ன நடந்தது? பேசியது. குழந்தை கிடைத்துவிட்டது.