உப்பளத்தில் நடந்தவர்

எங்கள் டிரைவிங் ஸ்கூலின் வாட்ஸாப் குழுவில் தினமும் காலையில் ஒரு செய்தி வரும். யாருக்கு எந்த வண்டி, எந்தச் சாலை என்று மாஸ்டரின் மகள் கவிதா எழுதுவாள். போன மாதம் ஒரு நாள், ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தபோது போன் அதிர்ந்தது. "இன்று வகுப்பு இல்லை" என்ற முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திருக்கழுக்குன்றத்து மலை பனிக்குள் மிதந்து பின்னால் போனது. கற்றுக்கொண்டு வருடங்கள் ஆகியும் அந்தக் குழுவை விட்டு நான் விலகவில்லை. வகுப்பு இல்லை என்றால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்ததே என்று தோன்றியது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். "அப்பா விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார்."

தாமோதரன் மாஸ்டரிடம் கிளட்ச்சும் பிரேக்கும் கற்றுக்கொண்ட பெண்கள் செங்கல்பட்டில் தெருவுக்கு ஒருவராவது இருப்போம். டாக்டர், டீச்சர், வங்கிக்காரர், என்னைப் போலக் கடற்கரை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர் என்று எல்லாருக்கும் அவர் மாஸ்டர். நம்மில் பலருக்கு அவருடைய இன்னொரு பெயர் தெரியாது. விஜயதரன். அந்தப் பெயரில் அவர் ஒரே ஒரு படத்தில் நடித்தார், அதுவும் கதாநாயகனாக. இத்தனை வருடம் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதலாம் என்று அவர் மனைவி சரோஜா அம்மாவே சொல்லிவிட்டார்.

பழைய படங்கள் பார்ப்பவர்களுக்கு ஒற்றன் பரிதி வரிசை நினைவிருக்கும். முதல் நான்கு படங்களிலும் பரிதியாக வந்தவர் அந்தக் காலத்துப் பெரிய நடிகர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சூட்டு, தண்ணீருக்கடியில் ஓடும் கார், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பாட்டு. ஐந்தாவது படத்துக்கு அவர் வர மறுத்துவிட, புதுமுகத்தைப் போட்டு எடுத்தார்கள். 'உப்பளத்தில் பரிதி'. அது ஓடவில்லை. ஆறாவதில் பெரிய நடிகரே திரும்பி வந்தார். நடுவில் ஒரு படம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் கதை நான்காவதிலிருந்து தொடர்ந்தது. இன்றைக்கும் இணையத்தில் ரசிகர்கள் பரிதி படங்களை வரிசைப்படுத்தினால் கடைசி இடம் இதற்குத்தான். 'சண்டை இல்லாத க்ளைமாக்ஸ்', 'நடக்கத் தெரிந்த அளவுக்கு நடிக்கத் தெரியாத ஹீரோ' என்று எழுதுவார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது தூத்துக்குடியில், சின்ன வயதில், காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில். வெள்ளை வெளேரென்று ஒரு இடம், அதில் இரண்டு பேர் பேசாமல் நடந்துகொண்டே இருக்கிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகு அப்படி ஒரு படம் உண்டா, கனவா என்று எனக்கே நிச்சயமில்லை. கேட்டவர்கள் கனவு என்றார்கள். வேலைக்காக இந்தப் பக்கம் வந்து குடியேறி, பழைய படங்களைப் பற்றி ஒரு சிற்றிதழில் எழுத ஆரம்பித்த பிறகுதான், யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றிய வெளிறிப்போன பிரதி கிடைத்தது. அதே வெள்ளை. அது சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கத்து உப்பளம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

படத்தின் கதை எளிமையானது. கடற்படை வரைபடங்களை விற்பவனைத் தேடிப் போகும் பரிதி, அது தன்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்த மேலதிகாரிதான் என்று கண்டுபிடிக்கிறான். கடைசி ரீலில், உச்சிவெயிலில், உப்புக் குவியல் மேல் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். துப்பாக்கியை நீட்டுகிறார். பரிதி வாங்கிக்கொள்கிறான். அப்புறம் இருவரும் வரப்பு வரப்பாகத் தூரத்து ஜீப்பை நோக்கி நடக்கிறார்கள். அவ்வளவுதான். பின்னணி இசைகூடக் கிடையாது. கானலில் இருவர் உடம்பும் கரைந்து, சேர்ந்து, பிரிகின்றன. தன் வேலையைச் செய்வதற்கு வெட்கப்படும் ஒரு ஒற்றனை நான் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை. மற்ற படங்களில் பரிதி தரையில் கால் பாவாமல் வருகிறான். இதில் மட்டும் அவனுக்கு எடை இருக்கிறது. அந்தக் கடைசி ரீலின் மௌனத்தைப் பற்றி மட்டுமே நான் தனியாக ஒரு கட்டுரை எழுதினேன்.

நாற்பது வயதைத் தாண்டித்தான் கார் ஓட்டக் கற்கப் போனேன். முதல் நாள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மாஸ்டர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, பயமா இருக்குதா?"

"ஆமா மாஸ்டர்."

"நல்லது. பயம் இல்லாதவன் பக்கத்துல நான் குந்த மாட்டேன். மெதுவா உடு. ரோடு எங்கியும் ஓடிப்போவாது."

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் தப்பு செய்யும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியாகச் சாலையோரத்து ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாமே திருத்திக்கொண்ட பிறகு முகத்தைத் திருப்பி, "ஆங், இப்ப போவுது பாரு வண்டி" என்பார்.

ஒரு நாள் உள்சாலை ஒன்றில் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. சின்ன மதகு ஒன்றின் மேல் பாதிச் சாலை அரித்துப் போயிருந்தது. நான் மிரண்டு நின்றுவிட்டேன். மாஸ்டர் இறங்கி, "என் பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டு, மதகின் விளிம்புக் கட்டையில் ஏறி முன்னால் நடந்தார். ஒரு அடிக்கு முன்னால் நேராக இன்னொரு அடி, கைகள் அசையாமல், தலை குனியாமல். கால் தன்னாலேயே வழியைத் தெரிந்துகொள்ளும் நடை. சிறு வயதிலிருந்து வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு மட்டும் வாய்ப்பது. மழைத்துளி படிந்த கண்ணாடிக்கு அப்பால் அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு மறுபடி காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. திரும்பி வந்து அவர் கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"மாஸ்டர், நீங்க விஜயதரன்தானே?"

அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளட்ச்ச அமுக்கு. வண்டி நிக்கப் போவுது."

ஊருக்குள் வந்து இறங்கும்போது சொன்னார்: "அந்தப் பேர வூட்டுல யாரும் எடுக்க மாட்டாங்க. நீயும் உட்ரும்மா."

விட்டுவிட்டேன். லைசென்ஸ் வாங்கினேன், கார் வாங்கினேன். அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போகிற அளவுக்குப் பழக்கமானேன். ஆனால் போன வருடம், செங்கல்பட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் திரைப்பட வட்டத்தில் 'உப்பளத்தில் பரிதி'யைப் போடலாம் என்று முடிவானபோது, அவரிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல். ஒரு கல்யாண மண்டபத்து மாடி அறை, ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஐந்தாறு பழைய மின்விசிறிகள் ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போட்டன. படம் தொடங்கிய பிறகு கதவருகே ஒரு நிழல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பெல்பாட்டத்துக்கும் ரப்பர் பாம்புக்கும் சிரிக்காமல் என்ன செய்வது? உப்பளம் வந்தது. சிரிப்பு நின்றது. விளக்கு போட்டதும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து எப்போதும் வரும் ஒருவர் எழுந்து, "அண்ணாத்த, இந்த ஆளு நல்லாத்தான் பண்ணிகீறாரு. அப்பால ஏன் படமே வரல?" என்று கேட்டார். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

அடுத்த வாரம் மாஸ்டரே கூப்பிட்டார். "வண்டிய எடும்மா. காத்து வாங்கினு வரலாம்." கேளம்பாக்கம் வழியாகப் போனோம். முட்டுக்காட்டில் படகுத் துறையைத் தாண்டி, உப்பங்கழியைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. நடுவில் ஒரு படகு எதன்மேல் நிற்கிறது என்று தெரியாமல் நின்றது.

"கடைசி ரீல இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"படம் வந்தப்ப செங்கல்பட்டுலதான் மொதல் ஷோ பாத்தேன். எங்க ஊரே டிராக்டர் வச்சிகினு வந்துச்சி. நான் வர்றேன், வாயத் தொறக்கறேன், வேற எவனோ பேசறான். பக்கத்துல குந்தியிருந்தவன் கேக்கறான், 'மச்சான், உன் உள்ள யாருடா பேசறது?'ன்னு. தியேட்டரே சிரிக்குது. நான் முழுப் படத்துக்கும் டப்பிங் பேசிக் குடுத்தவன்மா. ஒத்த வார்த்த சொல்லாம மாத்திட்டாங்க. அப்பால கேட்டா, ஒற்றன் நாஸ்தா கேக்கற மாதிரி பேசறானாம். இன்டர்வெல்லுல எழுந்து வந்துட்டேன்."

"கடைசி ரீல்ல பேச்சே இல்லயே மாஸ்டர். அது முழுசா நீங்கதானே?"

அவர் சிரித்தார். "உடம்பு நானு. அத ஒண்ணும் பண்ண முடியல அவங்களால." பிறகு, "நல்லாத்தான் கீது. ஆனா அதுல நான் இல்லம்மா" என்றார்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த நடையைப் பெரிய நடிகரால் நடந்திருக்க முடியாது, அதனால்தான் அந்த ஒரு படம் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது என்றேன். கட்டுரையில் எழுதிய எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் மறுக்கவில்லை. உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் தப்பாக கியர் மாற்றும்போது ஏரியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சில மாதங்களில் இந்தச் செய்தி வந்தது.

காரியம் எல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, ஒரு பிற்பகலில் சரோஜா அம்மா என்னை வரச் சொன்னார். கவிதாவும் இருந்தாள்.

"நீதான அந்தப் படத்தப் பத்தி எழுதினு கீறவ?"

"ஆமாம்மா."

"கல்யாணம் ஆனதுலேருந்து அந்தப் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிருவாரு. நான் பாத்ததே இல்ல. போடு, பாக்கறேன்."

கூடத்து மேஜையில் லேப்டாப்பை வைத்துப் போட்டேன். மின்சாரம் இல்லை, தெருவில் ஆள் நடமாட்டமும் இல்லை. அவர் கணவரின் இளம் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், மீசையைப் பார்த்து இன்னும் சிரித்தார். திரையில் மாஸ்டர் பேசத் தொடங்கியதும் சரோஜா அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"யாரு கொரலு இது?"

டப்பிங்கில் குரலை மாற்றிய கதையைச் சொன்னேன்.

"அதான் கோவமா?" என்று கேட்டார். பிறகு அவருக்குப் படத்தில் மனம் போகவில்லை. பாதியில் எழுந்து டீ போடச் சமையலறைக்குப் போய்விட்டார். கவிதாவும் நானும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பளம் வந்தது. வெள்ளை வெளிச்சம் திரையிலிருந்து கூடத்துச் சுவரில் விழுந்தது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சரோஜா அம்மா கையில் வடிகட்டியோடு அதன் வாசற்படியில் வந்து நின்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை. தெருக்கதவைப் பார்த்தார்.

"கவிதா, யாரு வர்றது?"

"யாரும் இல்லயேம்மா."

"அப்பா மாதிரி கேட்டுச்சே."

நான் குனிந்து லேப்டாப்பின் ஒலியைக் கூட்டினேன். அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஒரு மூச்சு. இரண்டு முறை இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு நீளமாக விடுகிற மூச்சு. உப்பைக் காலடி நொறுக்கும் மெல்லிய ஓசை, அதற்கு மேல் அந்த மூச்சு, கடைசி வரை.

"மாடிப்படி ஏறி வந்தாருன்னா இப்படித்தான் வுடுவாரு" என்றார் சரோஜா அம்மா. "தூங்கும்போதும் இதேதான். இது அவரு."

நடந்தது என்னவென்று எனக்கு மெதுவாகப் புரிந்தது. கடைசி ரீலின் மூச்சு வரைக்கும் அவர் முழுப் படத்துக்கும் டப்பிங் கொடுத்திருந்தார். மாற்றியவர்கள் பேச்சுள்ள இடங்களை மட்டும் மாற்றினார்கள். பேச்சே இல்லாத ரீலை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் அவர் அப்படியே இருந்துவிட்டார். கல்யாண மண்டபத்து மின்விசிறிச் சத்தத்தில் அவருக்கும் அது கேட்டிருக்காது.

சரோஜா அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இன்னொருவாட்டி போடு" என்றார். கண்களை மூடிக்கொண்டார். அடுப்பில் டீ கொதித்து வழியும் வாசனை வந்தது, கவிதா ஓடினாள். நான் அந்த ரீலை மறுபடி ஓடவிட்டேன். பிறகு இன்னொரு முறை.

மாஸ்டரிடம் கற்றவர்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். எனக்குக் கிடைத்தது, நெடுநாள் நான் மௌனம் என்று எழுதிவந்த ஒரு இடம் மௌனம் இல்லை என்பது. அதில் ஒரு செங்கல்பட்டுக்காரர், யாருடைய குரலும் மேலே விழாமல், வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்துபோகிறார்.